டர்போவின் திட்டிவாசல்: 34 மில்லிமீட்டர் கதை



டர்போ காருக்கு எந்த ஏர் இன்டேக் போடலாம், கோன் ஃபில்டர் நல்லதா, பைப் எத்தனை இன்ச் இருக்கணும்னு கேட்கிறவங்க இப்போ நிறைய ஆயிட்டாங்க. முன்னெல்லாம் நம்ம ஊர்ல டர்போன்னா டீசல் வண்டிதான். இப்போ ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கும் டர்போ வந்துடுச்சு. கூடவே கேள்வியும் வந்துடுச்சு.

கேட்கிறவங்களுக்கு நான் நேரா பிராண்ட் பேர் சொல்றதில்லை. முதல்ல ஒரு பழைய கதை சொல்லுவேன். 1995-ல் ஸ்பெயினில் வெளிப்பட்ட கதை. எஞ்சினுக்குக் காற்று போகிற வழியில் வெறும் 5 மில்லிமீட்டர் இடைவெளி; அதுக்காக ஒரு பெரிய கார் கம்பெனி உலக ராலி சாம்பியன்ஷிப்பை விட்டே ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டியதாப் போச்சு. அந்தக் கதையைக் கேட்டா இன்டேக் எங்கே மாத்தணும், எங்கே மாத்தினா காசு தண்டம்னு ஓரளவு புரிஞ்சுடும்.

கொஞ்சம் முன்கதை

டர்போ தெரியாதவங்களுக்கு நாலு வரி. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளும். காற்று அதிகமாகப் போனால் பெட்ரோலும் அதிகமாக எரிக்கலாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும். ஆக, எஞ்சினின் பலம் என்பது பெரும்பாலும் அது எத்தனை கிலோ காற்றை விழுங்குகிறது என்பதுதான்.

1980-களின் நடுவில் ராலியில் குரூப் பி என்று ஒரு பிரிவு இருந்தது. டர்போ வைத்தவர்கள் ரொம்ப ஆடக்கூடாது என்று, எஞ்சின் கொள்ளளவை 1.4-ஆல் பெருக்கி அந்தக் கணக்கில்தான் வகுப்புப் பிரித்தார்கள். லான்சியா கம்பெனி டெல்டா எஸ்4 காருக்கு 1759 சிசி எஞ்சின் செய்தது. ஏன் இப்படி ஒரு விநோத எண்? 1759-ஐ 1.4-ஆல் பெருக்கிப் பாருங்க. 2463 வரும். 2500-க்குள் அடங்கிடுச்சு! அந்த எஞ்சினில் சூப்பர்சார்ஜரும் டர்போசார்ஜரும் ரெண்டையும் சேர்த்து மாட்டி 450 குதிரைத்திறனுக்கு மேல் எடுத்தாங்க. விதி சிலிண்டரின் அளவைத்தான் பிடிச்சு வச்சுது. காற்றை யாரும் பிடிக்கலை.

1986 மே மாதம் கோர்சிகா தீவில் அந்த லான்சியாவை ஓட்டிய ஹென்றி டொய்வோனெனும் அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் பள்ளத்தில் விழுந்து, கார் தீப்பற்றி இறந்து போனார்கள். அந்த வருஷத்தோடு குரூப் பி முடிந்தது. 1987 முதல் சாலையில் விற்கும் கார்களை அடிப்படையாகக் கொண்ட குரூப் ஏ. பலம் 300 குதிரைத்திறனைத் தாண்டக்கூடாது என்று பேச்சு.

பேச்சு சரி, யார் அளக்கிறது? காட்டுக்குள் மண் பாதையில் ஓடுகிற காரை நிறுத்தி எஞ்சினைக் கழற்றி பலம் பார்க்க முடியுமா? அங்கேதான் ரெஸ்ட்ரிக்டர் வந்தது.

திட்டிவாசல்

பெரிய கோயில்களில் ராஜகோபுரக் கதவு பூட்டியிருக்கும்போது, அந்தக் கதவிலேயே ஒரு ஆள் குனிஞ்சு நுழையிற மாதிரி சின்னக் கதவு ஒன்று இருக்குமே, திட்டிவாசல்? வெளியே ரத வீதி எத்தனை அகலமா இருந்தாலும், உள்ளே பிரகாரம் எத்தனை பெரிசா இருந்தாலும், நிமிஷத்துக்கு எத்தனை பேர் உள்ளே போகலாம் என்பதை அந்தச் சின்னக் கதவுதான் முடிவு பண்ணும்.

ரெஸ்ட்ரிக்டர் அதுதான். டர்போவின் உறிஞ்சும் சக்கரத்துக்கு முன்னால், அதிலிருந்து 50 மி.மீ. தூரத்துக்குள், குறிப்பிட்ட விட்டமுள்ள ஒரு வளையம். எஞ்சினுக்குப் போகும் காற்று மொத்தமும் அது வழியாகத்தான் போகணும்.

'டர்போ இன்னும் பலமா உறிஞ்சினா இன்னும் காற்று வராதா'ன்னு கேட்கலாம். ஓரளவு வரைக்கும் வரும். வளையத்தின் கழுத்தில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டதும் கதை முடிஞ்சது. அதுக்கப்புறம் பின்னாலிருந்து எவ்வளவு இழுத்தாலும் முன்னால் இருக்கும் காற்றுக்கு அந்தச் சேதியே போய்ச் சேராது. அழுத்த மாற்றம் என்கிற சேதி போவதும் ஒலியின் வேகத்தில்தானே! எதிர்க்காற்று அதே வேகத்தில் வந்தா சேதி எப்படி முன்னேறும்?

1990-ல் இந்த வளையம் 40 மி.மீ. விட்டம். 1992-ல் 38 மி.மீ. 1995-ல் கார்களின் வேகத்தைக் குறைக்க 34 மி.மீ. ஆக்கினார்கள். கேட்க சின்ன வித்தியாசமா இருக்கும். பரப்பளவு போட்டுப் பாருங்க. 40 மி.மீ. வளையத்துக்கு 1257 சதுர மி.மீ., 38-க்கு 1134, 34-க்கு 908. அதாவது 38-லிருந்து 34-க்கு இறங்கும்போது வாசலில் ஐந்தில் ஒரு பங்கு போயிடுச்சு.

34 மி.மீ. ஓட்டை வழியா கோட்பாட்டுக் கணக்குப்படி வினாடிக்கு சுமார் 0.22 கிலோ காற்று போகும். கிட்டத்தட்ட 180 லிட்டர். மொட்டைமாடியில் இருக்கிற 1000 லிட்டர் டேங்க் அளவு காற்றை ஆறு வினாடிக்குள் விழுங்கிடும். அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை ஊற்றி கணக்குப் போட்டா, சுமார் 300 குதிரைத்திறன் வருது. குதிரைகளை எண்ண முடியலைன்னதும் லாயத்து வாசலை அளந்துட்டாங்க :-)

கொலோனில் செஞ்ச வேலை

டொயோட்டாவின் ராலி அணியான டொயோட்டா டீம் யூரோப் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இருந்தது. தலைவர் ஓவே ஆண்டர்சன், தானும் ஒரு காலத்தில் ராலி ஓட்டியவர். 1993, 1994 ரெண்டு வருஷமும் தயாரிப்பாளர் பட்டம் இவங்களுக்குத்தான். ஓட்டுநர் பட்டமும் 1993-ல் யூஹா கங்குனென், 1994-ல் டிடியே ஓரியோல் என்று இவங்க வீட்டிலேயே தங்கியது.

1995-க்கு புதுக் கார், செலிகா ஜிடி-ஃபோர், எஸ்டி205 மாடல். ராலி அனுமதிக்காக இதில் 2500 கார்கள் தனியா செஞ்சாங்க. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கிற இன்டர்கூலர், ஆன்டி-லேக்குக்கான குழாய்கள் எல்லாம் சாலைக் காரிலேயே மாட்டி வந்தது (ஆன்டி-லேக் வேலை செய்யாதபடிதான் விற்றாங்க). காகிதத்தில் எல்லாம் பிரமாதம். போட்டியில் அந்த சீசன் முழுக்க ஒரே ஒரு ராலிதான் ஜெயிச்சாங்க, கோர்சிகாவில், ஓரியோல். சுபாருவும் மிட்சுபிஷியும் மற்றதைப் பங்கு போட்டுக்கிட்டிருந்தாங்க. ஆனாலும் கங்குனென் தொடர்ந்து புள்ளி சேர்த்து பட்டியலில் முன்னால் இருந்தார்.

அக்டோபர் மாதம், கடலோனியா ராலி. கங்குனென் முன்னணியில் போகும்போது விபத்தாகி வெளியேறினார். ஓரியோலின் காரைச் சோதகர்கள் பிரிச்சுப் பார்த்தாங்க. அங்கேதான் அது கிடைச்சது.

என்னன்னு சொல்றேன். ரெஸ்ட்ரிக்டர் வளையத்தை டர்போவின் வாயில் அசையாம பொருத்தணும். டொயோட்டா அணி அதை ஸ்பிரிங்குகள் மேல் உட்கார வச்சிருந்தது. தனியா செஞ்ச ஒரு கருவியால் அதை 5 மி.மீ. நகர்த்தி, அந்த நிலையிலேயே காற்று ஹோஸை மாட்டி கிளிப்பை முறுக்கிட்டா, வளையம் நகர்ந்த இடத்திலேயே நிற்கும். வளையத்துக்கும் டர்போ வாய்க்கும் நடுவில் சுத்தி ஒரு இடுக்கு. திட்டிவாசலுக்குப் பக்கத்தில் சுவரையே கொஞ்சம் விலக்கி வச்ச மாதிரி. காற்று வளையத்துக்குள்ளேயும் போகும், அந்த இடுக்கு வழியாவும் போகும்.

சோதனைக்கு என்ன பண்ணுவாங்க? ஹோஸைக் கழற்றி வளையத்தின் விட்டத்தை அளப்பாங்க. ஹோஸைக் கழற்ற கிளிப்பைத் தளர்த்தணும். தளர்த்தின நொடியிலேயே ஸ்பிரிங் வளையத்தை அதன் இடத்துக்குத் தள்ளி மூடிடும். அளந்தா, 34 மி.மீ., சுத்தம்! அதாவது, சோதனை பண்ற செயலே தடயத்தை அழிச்சிடும். இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரலை.

எஃப்ஐஏ தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லி விளக்கம் கொடுக்கும்போது, தானும் தன் நிபுணர்களும் நீண்ட காலமாகப் பார்த்ததிலேயே மிகச் சாமர்த்தியமான கருவி இது என்கிற பொருளில் பேசினார். உள்ளே இருந்த ஸ்பிரிங்குகளைக்கூட காற்றோட்டத்துக்குத் தடை வராதபடி பாலிஷ் போட்டிருந்தாங்களாம். மூடியிருக்கும்போது திறக்கிற பொருள் என்றே தெரியாத அளவுக்கு நெருக்கமான பொருத்தம். அவர்கள் கணக்குப்படி கூடுதலாகக் கிடைத்தது சுமார் 25 சதவீதம் காற்று. 50 குதிரைத்திறன் வரை கூடியிருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள்.

நவம்பரில் தீர்ப்பு. அந்த வருஷத்துப் புள்ளிகள் போச்சு, அணிக்கும் ஓட்டுநர்களுக்கும். பன்னிரண்டு மாதத் தடை. கடைசிப் போட்டியான பிரிட்டனின் ஆர்ஏசி ராலியில் டொயோட்டா இல்லை. சுபாருவின் காலின் மெக்ரேயும் கார்லோஸ் சாயின்ஸும் மட்டும் பட்டத்துக்கு மோதினாங்க. மெக்ரே ஜெயிச்சு, 27 வயசில், முதல் பிரிட்டிஷ் உலக ராலி சாம்பியன் ஆனார்.

25 சதவீதம் என்றால் எவ்வளவு?

இங்கே நான் போட்ட ஒரு சின்னக் கணக்கை உங்க முன்னால் வைக்கிறேன். 34 மி.மீ. வளையத்தின் பரப்பு 908 சதுர மி.மீ. அதில் 25 சதவீதம் கூட்டுங்க. 1135 வரும். மேலே 38 மி.மீ. வளையத்துக்கு என்ன எண் சொன்னேன்? 1134!

அதாவது அத்தனை பாலிஷும் அத்தனை ஸ்பிரிங்கும் சேர்ந்து கொண்டு வந்தது, முந்தைய வருஷ வாசலைத்தான். வேணும்னே அந்த அளவுக்கு வடிவமைச்சாங்கன்னு நான் சொல்ல வரலை. ஆனா 38 மி.மீ. காற்றுக்குப் பழகிய எஞ்சினை வச்சுக்கிட்டு 34-ல் தவிச்சவங்களுக்கு, இழந்தது அப்படியே திரும்பக் கிடைச்சிருக்கும்.

மற்ற அணிகளுக்கும் அதே 34 மி.மீ.தான். அவங்க என்ன பண்ணாங்க? மேல் ஆர்பிஎம்மில் காற்று எப்படியும் கூடாது. சரி, கீழ் ஆர்பிஎம்மில் வாசல் இன்னும் நிரம்பலையே, அங்கே முறுக்குவிசையை ஏத்துவோம்னு போனாங்க. ஆக்சிலேட்டரை விட்டாலும் டர்போ சுழன்றுகிட்டே இருக்கிற ஆன்டி-லேக், அதுக்கு ஏத்த கேம்ஷாஃப்ட், கியர் விகிதம் என்று ஒவ்வொண்ணா செதுக்கினாங்க. பிற்பாடு வந்த ராலி கார்கள் 300 குதிரைத்திறனை வச்சுக்கிட்டு மிரட்டலா ஓடினதுக்குக் காரணம் இந்த வேலைதான். 34 மி.மீ. வளையமும் 2010 வரை அப்படியே நின்றது. 2011-ல் 1.6 லிட்டர் எஞ்சினோடு 33 மி.மீ., 2017-ல் 36 மி.மீ. என்று பிறகு மாறியது.

எனக்கு இதில் உறுத்துவது கங்குனென் விஷயம். நாலு முறை சாம்பியன். ஐந்தாவதுக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தார். ஓட்டுநர்களுக்கு இது தெரிஞ்சே நடந்ததுன்னு எஃப்ஐஏ சொல்லவே இல்லை. ஆனாலும் புள்ளிகளை எடுக்காமல் விட முடியாது, அந்தக் காற்றில் ஓடிய புள்ளிகள் அவை. கடைசி ராலியில் மோதிப் பார்க்கும் வாய்ப்புகூட இல்லாமல் போச்சு. ஐந்தாவது பட்டம் அவருக்குப் பிறகும் வரவில்லை. காருக்குள் உட்கார்ந்து உயிரைப் பணயம் வைக்கிறவருக்கு, தன் காலுக்கு ரெண்டடி முன்னால் ஒரு ஸ்பிரிங் இருப்பது தெரியாமல் போகலாம் என்பதை நினைச்சா சங்கடமா இருக்கு. அந்த வேலைப்பாட்டை ரசிக்கிற மனசும் எனக்கு இருக்கு, மறைக்கலை. ஆனா ரசிக்கும்போதெல்லாம் இவர் ஞாபகம் வந்துடுது.

டொயோட்டா 1997-ல் கொரோலாவோடு திரும்பி வந்தது. 1999-ல் தயாரிப்பாளர் பட்டத்தை ஜெயிச்சது. இந்த முறை யாரும் குறை சொல்ல முடியாதபடி.

சரி, நம்ம காருக்கு?

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய சமாச்சாரம் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. கொலோனில் இருந்தவங்க உலகத்திலேயே சிறந்த எஞ்சின் ஆட்களில் சிலர். காற்று கூட்டணும்னு முடிவு பண்ணினதும் அவங்க கை வச்சது எங்கே? பெரிய ஃபில்டர் மாட்டலை. பளபளன்னு அலுமினியம் பைப் போடலை. வழியிலேயே எது மிகக் குறுகலோ அதை மட்டும் தொட்டாங்க. மற்ற இடத்தை எவ்வளவு பெரிசாக்கினாலும் ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும்.

நம்ம சாலைக் காரில் ரெஸ்ட்ரிக்டர் கிடையாது. ஆனா குறுகலான இடம்னு ஒண்ணு கண்டிப்பா உண்டு. அது ஃபில்டராக இருக்கணும்னு அவசியமில்லை. முன்பக்கம் காற்று நுழையும் வாயாக இருக்கலாம். டர்போவுக்கு முன்னால் நெளிஞ்சு போகிற ரப்பர் முட்டியாக இருக்கலாம். கம்பெனி ஃபில்டர் பெரும்பாலும் தேவைக்கு மேலேயே பெரிசா இருக்கும், ஏன்னா தூசி படிஞ்ச பிறகும் அது வேலை செய்யணும். அதை எடுத்துட்டு கோன் ஃபில்டர் மாட்டினா நிச்சயம் கிடைக்கிறது சத்தம் :-) சத்தம் பிடிச்சா போடுங்க, தப்பில்லை. பலம் கூடும்னு நம்பி போடறதா இருந்தா முதல்ல அளங்க.

அளக்கிறது கஷ்டமில்லை. கொத்தனார் மட்டம் பார்ப்பாரே, தண்ணி ஊற்றின கண்ணாடி டியூப், அது போதும். அதை U வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி வரைக்கும் தண்ணி ஊற்றி, ஒரு முனையை இன்னொரு நீளமான டியூபால் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கிற பைப்போடு இணைங்க. மறுமுனை திறந்திருக்கட்டும். போக்குவரத்து இல்லாத இடத்தில் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது பக்கத்து சீட்டில் இருக்கிறவர் ரெண்டு பக்கத் தண்ணி மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கணும். ஓட்டுறவர் பார்க்கக் கூடாது. தண்ணி எஞ்சினுக்குள் இழுபடாம இருக்க, பலகையின் ரெண்டு பக்கமும் ஒரு மீட்டராவது உயரம் இருக்கட்டும்.

10 செ.மீ. வித்தியாசம்னா, காற்றழுத்தத்தில் சுமார் ஒரு சதவீதம் வழியிலேயே காணாம போகுதுன்னு அர்த்தம். இப்போ ஃபில்டர் பெட்டி முடியிற இடத்தில் 10 செ.மீ., டர்போ வாய்க்குப் பக்கத்தில் 40 செ.மீ. வருதுன்னு வைங்க. குற்றவாளி யாரு? ஃபில்டரையும் பெட்டியையும் சேர்த்தே 10-தான். பைப்பில் 30. இந்த நிலையில் ஃபில்டருக்குக் காசு செலவு பண்றவர், திட்டிவாசலை விட்டுட்டு ரத வீதியை அகலப்படுத்துறார். அந்த 40-ஐயும் மொத்தமா ஒழிச்சாக்கூட நாலு சதவீதம் காற்றுதான் பேச்சு. அதிலும் இன்றைய கார்களில் கம்ப்யூட்டரே டர்போவைக் கூடுதலா சுழல வச்சு, குறிச்ச அழுத்தத்துக்குக் கொண்டு வந்துடும். உங்களுக்குக் கிடைக்கிறது டர்போவுக்குக் கொஞ்சம் ஓய்வு. அதுவும் நல்லதுதான், ஆனா கடைக்காரர் சொல்ற கணக்கு வேற.

கூட மூணு விஷயம்.

முதலாவது சூடு. பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கிற ஃபில்டர் எஞ்சின் சூட்டைத்தான் குடிக்கும். 30 டிகிரி காற்றுக்குப் பதிலா 60 டிகிரி காற்று போனா அடர்த்தி 9 சதவீதம் குறையும். இன்டர்கூலர் கொஞ்சம் சரிக்கட்டும், முழுசா இல்லை. மேலே சேமிக்கப் பார்த்த நாலு சதவீதத்தை இதோட ஒப்பிட்டுப் பாருங்க. ஃபில்டரைச் சுத்தி ஒரு பெட்டியும், வெளிக்காற்று வர ஒரு வழியும் இல்லாத கிட் வேண்டவே வேண்டாம்.

ரெண்டாவது, காற்றை அளக்கிற சென்சார். அது உட்கார்ந்திருக்கிற குழாயின் விட்டத்தை மாத்தினா கம்ப்யூட்டருக்குத் தப்புக் கணக்கு போகும். சென்சார் குழாயின் உள்விட்டம் பழையபடியே இருக்கணும். சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் எந்த இணைப்பிலும் கசிவு கூடாது. எண்ணெய் தடவின ஃபில்டரா இருந்தா எண்ணெய் அளவோட இருக்கட்டும், அந்த மெல்லிய கம்பியில் ஒட்டினா வம்பு.

மூணாவது தூசி. உறிஞ்சும் சக்கரத்தின் இதழ்கள் நிமிஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேலே சுத்தும். நம்ம சாலை மண் அதில் பட்டா உப்புத்தாள் தேய்க்கிற கதைதான். எஞ்சினுக்குள்ளே போறதைப் பத்தி சொல்லவே வேண்டாம்.

அளந்து பார்த்து, பைப் முட்டிதான் குறுகல்னு தெரிஞ்சா, அதை மட்டும் மென்மையான வளைவோட, உறிஞ்சும்போது சப்பிப் போகாத தடிமன்ல மாத்துங்க. கம்பெனி ஃபில்டர் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பார்க்க அழகா இருக்காது. ஆனா போட்ட காசு குறுகலுக்குப் போயிருக்கும்.

ஆன்டி-லேக் பத்தி இங்கே ரெண்டே வரியில் தாண்டிட்டேன். அதுக்குத் தனிப் பதிவே போடலாம், பார்ப்போம். அதுக்குள்ளே யாராச்சும் தண்ணி டியூப் கட்டி அளந்தீங்கன்னா, என்ன கார், எத்தனை செ.மீ. வந்ததுன்னு பின்னூட்டத்தில் போடுங்க. நாலு கார் கணக்கு சேர்ந்தா எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்.

டிஸ்கி: ஸ்பிரிங் வச்ச ரெஸ்ட்ரிக்டர் எங்கே கிடைக்கும்னு கேட்டு வர்ற பின்னூட்டங்கள் வெளியிடப்பட மாட்டாது :-)